பேச்சு என்பது வீண் செலவா?

பி.காம் படித்த யாரை வேண்டுமானாலும் தூக்கத்தில் எழுப்பி "டெய்லர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். "அறிவியல் மேலாண்மையின் தந்தை" என்று பதில் வரும். இரண்டு மதிப்பெண். கூடவே நேர ஆய்வு, அசைவு ஆய்வு, வேறுபட்ட கூலி விகிதம் என்று உபதலைப்புகள் போட்டு எழுதினால் பத்து மதிப்பெண். நானும் அப்படித்தான் எழுதிப் பாஸ் ஆனேன்.

போன மாதம்தான் ஃபிரெடெரிக் வின்ஸ்லோ டெய்லர் 1911-ல் எழுதிய 'தி பிரின்சிபிள்ஸ் ஆஃப் சயின்டிஃபிக் மேனேஜ்மென்ட்' புத்தகத்தையே எடுத்துப் படித்தேன். (நம்ம கைடை விட மெல்லிய புத்தகம், நம்புங்கள்! :-) ) அதில் ஓர் இடத்துக்கு வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. நம் பாடப்புத்தகத்தில் அந்த இடம் கிடையாது.

1890களில் அமெரிக்காவில் எல்லோருக்கும் சைக்கிள் பைத்தியம் பிடித்திருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிட்ச்பர்க் ஊரில் இருந்த ஒரு தொழிற்சாலையில் சைக்கிளுக்கான பால்ரஸ் குண்டுகள் செய்தார்கள். அந்தக் குண்டுகளில் கீறல், வெடிப்பு, நசுங்கல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவதற்கு 120 பெண்கள் இருந்தார்கள். இடது புறங்கையில் விரல்களுக்கு நடுவே குண்டுகளை வைத்து, பளிச்சென்ற விளக்கு வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, கெட்டதை வலது கையில் இருக்கும் காந்தத்தால் எடுத்துப்போட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்தரை மணி நேர வேலை.

டெய்லரின் முறை அங்கே வந்தது. வேலை நேரம் பத்தரை மணியிலிருந்து படிப்படியாக எட்டரை மணியாகக் குறைந்தது. கூலி கிட்டத்தட்ட இரண்டு மடங்காக ஏறியது. ஒவ்வொரு ஒன்றே கால் மணி நேரத்துக்கும் பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள். இதையெல்லாம் மறைக்கக் கூடாது. அந்தக் காலத்து முதலாளிகள் பலரோடு ஒப்பிட்டால் டெய்லர் நல்லவர்தான்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அந்தப் பெண்கள் வேலை நேரத்தில் ஒருவரோடு ஒருவர் சுலபமாகப் பேச முடியாதபடி நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். பேசுவதா? அதற்குத்தான் பத்து நிமிட ஓய்வு இருக்கிறதே, அப்போது பேசிக்கொள்ளட்டும். இதை டெய்லர் ஒளித்து வைக்கவில்லை. ஒரு சாதனையாக, வெகு சாதாரணமாக எழுதிக்கொண்டு போகிறார். கடைசியில் 120 பேர் செய்த வேலையை 35 பேர் செய்தார்கள். கண்ணும் கையும் போதிய வேகத்தில் இல்லை என்று கழிக்கப்பட்டவர்களில் நாணயமான, கடினமாக உழைக்கிற பெண்களும் இருந்தார்கள் என்று அவரே சொல்கிறார்.

அந்த நாற்காலிகள்தான் என்னை யோசிக்க வைத்தன. பக்கத்தில் இருப்பவளோடு பேசுவது ஒரு 'செலவு' என்று முதலில் யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். கணக்கில் செலவு என்று எழுதிவிட்டால் அடுத்த வேலை அதைக் குறைப்பதுதானே? இது நமக்கு முதல் செமஸ்டரிலேயே சொல்லிக்கொடுத்தது.

தொழில்நுட்பம் மனிதர்களைப் பிரித்துவிடும் என்று பயமுறுத்தும் எதிர்காலக் கதைகளை 'டிஸ்டோபியா' என்கிறோம். அந்தக் கதைகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ரோபோ, கேமரா, திரை என்று பொருட்களைத்தான் சொல்கிறார்கள். இந்த வகையில் பெயர் பெற்ற நான்கு கதைகளை நான் வரிசையாகப் படித்தேன். எனக்கு வேறு ஒன்று தெரிந்தது. அந்தக் கதைகளில் உறவை அரிப்பது இயந்திரம் அல்ல. அந்த நாற்காலியைத் தள்ளிப்போட்ட கணக்குதான். இன்னொரு ஆச்சரியம், நான்கிலும் அந்தக் கணக்கு இடிக்கிற இடத்தில் ஒரு அம்மா வருகிறாள்.

1909: ஐந்து நிமிடம் தர முடியும்

முதல் கதை டெய்லரின் புத்தகத்துக்கும் இரண்டு வருடம் முந்தியது. ஈ.எம்.ஃபார்ஸ்டர் 1909-ல் எழுதிய 'தி மெஷின் ஸ்டாப்ஸ்'. 'எ பாஸேஜ் டு இந்தியா' எழுதிய அதே ஃபார்ஸ்டர்தான். அவருக்கும் டெய்லருக்கும் சம்பந்தம் இல்லை. இயந்திரங்கள் பூமியைச் சொர்க்கமாக்கும் என்று எச்.ஜி.வெல்ஸ் எழுதிக்கொண்டிருந்ததற்குப் பதிலாகத்தான் இதை எழுதினேன் என்று பிற்காலத்தில் சொன்னார்.

கதையில் மனிதர்கள் பூமிக்கு அடியில், தேன்கூட்டின் அறை மாதிரி அறுகோண அறைகளில், ஆளுக்கு ஒருவராக வாழ்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் சாப்பாடு, இன்னொன்றை அழுத்தினால் குளியல், இன்னொன்றில் பாட்டு. வஷ்டி என்ற பெண்ணுக்கு ஆயிரக்கணக்கானவர்களைத் தெரியும். எல்லோரையும் இயந்திரம் வழியாகத்தான் தெரியும். உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கும் அவள் மகன் குனோ அழைக்கிறான். மகனுடைய முகம் தட்டில் தெரிவதற்கு 15 விநாடி ஆகிறது. அதற்கே அவளுக்கு எரிச்சல். அடுத்து அவள் ஒரு சொற்பொழிவு நிகழ்த்த வேண்டும், அதனால் மகனுக்கு முழுசாக ஐந்து நிமிடம் ஒதுக்குகிறாள்.

மகன் கேட்பது ஒன்றுதான். நேரில் வா அம்மா, இயந்திரம் வழியாக இல்லாமல் உன்னைப் பார்க்க வேண்டும். வஷ்டிக்கு இது புரியவே இல்லை. இப்போது பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? தட்டில் தெரியும் முகத்தில் சின்னச் சின்ன உணர்ச்சிகள் தெரியாது. ஆளைப் பற்றி ஒரு பொதுவான எண்ணம் மட்டும்தான் கிடைக்கும். ஆனால் அது போதும் என்று எல்லோரும் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

இந்தக் கதையில் கெட்டவன் என்று யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். யாரும் யாரையும் பிரிக்கவில்லை. தொடுவதற்கு ஆகிற சிரமத்தை மிச்சப்படுத்திக்கொண்டே வந்தார்கள், அவ்வளவுதான். வஷ்டி வான்கப்பலில் தடுமாறி விழப் போகும்போது பணிப்பெண் கை நீட்டித் தாங்குகிறாள். வஷ்டிக்கு வருவது கோபம்! முடிவில் இயந்திரம் நின்று உலகமே இடிந்து விழும்போதுதான் அம்மாவும் மகனும் நேரில், எந்தத் தட்டும் இல்லாமல், தொட்டுப் பேசுகிறார்கள்.

இதை எழுதிய ஃபார்ஸ்டருக்கு இரண்டு வயது நிறைவதற்குள் அப்பா இறந்துவிட்டார். அம்மாதான் வளர்த்தார். 1945-ல் அம்மா இறக்கும்வரை பெரும்பாலும் அவரோடுதான் ஃபார்ஸ்டர் வாழ்ந்தார். ஒரே வீட்டில் இருப்பதன் சலிப்பும் அவருக்குத் தெரிந்திருக்கும், அதன் அருமையும் தெரிந்திருக்கும்.

1921: டெய்லர் கடவுளான நாடு

இரண்டாவது கதைக்கு ரஷ்யாவுக்குப் போக வேண்டும். அங்கே நம்ம டெய்லர் நேரடியாகவே வருகிறார்.

1914-ல் லெனின் டெய்லர் முறையை மனிதனை இயந்திரத்துக்கு அடிமையாக்கும் முறை என்று திட்டி எழுதினார். புரட்சி முடிந்து, ஆட்சி கையில் வந்து, தொழிற்சாலைகள் படுத்துக்கிடந்த 1918-ல் அதே லெனின் டெய்லர் முறையில் இருக்கும் நல்லதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். அலெக்ஸேய் காஸ்தெவ் என்பவர் உலோகத் தொழிலாளி, கவிஞர், டெய்லர் பக்தர். 1919-ல் அவர் எழுதிய கட்டுரையில், தொழிலாளர்களைப் பெயருக்குப் பதில் எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கும் காலம் வரும் என்றார். பயந்துகொண்டு அல்ல, ஆசையோடு! 1920-ல் மாஸ்கோவில் உழைப்புக்கான மத்திய நிலையம் ஒன்றையும் தொடங்கினார். சுத்தியலை எப்படிப் பிடிப்பது, எப்படி அடிப்பது என்று அசைவு அசைவாகப் பயிற்சி தந்தார்கள். (ஸ்டாலின் காலத்தில் காஸ்தெவையே கைது செய்து 1939-ல் சுட்டுக் கொன்றார்கள்.)

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர் யெவ்கெனி ஸமியாதின். அவர் கப்பல் கட்டும் பொறியாளர். 1916-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதிக்குப் போய், ரஷ்யாவுக்காகப் பனி உடைக்கும் கப்பல்கள் கட்டும் வேலையை மேற்பார்த்தவர். அங்கே இருந்தபோதே ஒரு குறுநாவல் எழுதினார். அதில் ஒரு பாதிரியார் சாப்பாட்டுக்கு, பாவ மன்னிப்புக்கு, தர்மம் செய்வதற்கு என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டு வைத்திருக்கிறார். ஊர் திரும்பி 1920-21-ல் எழுதிய நாவல்தான் 'நாம்'.

அந்த நாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. கதாநாயகன் டி-503. வீடுகள் கண்ணாடி. எல்லோரும் ஒரே நொடியில் எழுந்து, ஒரே நொடியில் கரண்டியைத் தூக்கி, ஒரு வாய்க்கு ஐம்பது முறை மெல்ல வேண்டும். மனிதர்களுக்குள் நெருக்கம் வேண்டுமென்றால் இளஞ்சிவப்பு கூப்பன் வாங்க வேண்டும். தன் இஷ்டத்துக்கு இருக்க ஒரு நாளைக்கு இரண்டே மணி நேரம். ஃபிட்ச்பர்க் பெண்களின் பத்து நிமிட ஓய்வு உங்களுக்கு ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது.

டி-503-க்குப் பழைய உலகத்தில் பிடித்த ஒரே பெரிய மனிதர் டெய்லர். கான்ட் பற்றி நூலகம் நூலகமாக எழுதிய பழங்காலத்தவர்கள் டெய்லரைக் கவனிக்காமல் விட்டார்களே என்று அவன் வியக்கிறான். அவனுக்குத் தெரிந்து டெய்லரிடம் இருந்த ஒரே குறை, தன் முறையை 24 மணி நேரத்துக்கும் விரிக்காமல் போனதுதான். முதல் முறை படித்தபோது சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நாமும் தேர்வில் டெய்லரைப் புகழ்ந்துதானே மதிப்பெண் வாங்கினோம்?

நாவலின் கடைசிப் பகுதியில் எல்லாம் நொறுங்கும்போது அவனுக்கு ஒரு ஏக்கம் வருகிறது. அந்தக் காலத்து மனிதர்கள் மாதிரி தனக்கும் ஒரு அம்மா இருந்தால்? அவளுக்கு மட்டும் தான் ஒரு எண்ணாக, விண்கலம் கட்டுபவனாக இல்லாமல், வெறும் மனிதனாக இருந்திருக்கலாமே என்று நினைக்கிறான். அந்த நாட்டின் அட்டவணையில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

இந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1924-ல் நியூயார்க்கில் வந்தது. சோவியத் நாட்டில் அச்சாக 1988 வரை ஆனது. ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதி அனுமதி பெற்று 1931-ல் நாட்டை விட்டு வெளியேறிய ஸமியாதின் 1937-ல் பாரிஸில் இறந்தார்.

1932: ஃபோர்டுக்குப் பின்

மேனேஜ்மென்ட் பாடத்தில் டெய்லருக்கு அடுத்த பாராவில் வருகிறவர் ஹென்றி ஃபோர்டு. 1913-ல் டெட்ராய்ட் பக்கத்தில் ஹைலாண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் அசெம்ப்ளி லைனைக் கொண்டுவந்தார். ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட முன்பு சுமார் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது. அது 93 நிமிடமாகக் குறைந்தது. சேர்ந்து வேலை செய்பவர்கள் ஒருவரை ஒருவர் நேசிக்க வேண்டிய அவசியம் இல்லை, தோழமை அதிகமானால் கெடுதல்தான் என்பது 1922-ல் வந்த தன் வரலாற்று நூலில் அவர் சொன்ன கருத்து. பின்னாளில் அவருடைய ஆலைகளில் பேசக் கூடாது என்ற கெடுபிடி எவ்வளவு இருந்தது என்றால், உதடு அசையாமல் பேசத் தொழிலாளர்கள் கற்றுக்கொண்டார்கள். அதற்கு 'ஃபோர்டு கிசுகிசு' என்றே பெயர் வந்துவிட்டது!

1926-ல் கப்பலில் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த ஆல்டஸ் ஹக்ஸ்லி கையில் ஃபோர்டின் அந்தப் புத்தகம் கிடைத்தது. 1932-ல் வெளிவந்த 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில் காலத்தையே ஃபோர்டை வைத்து எண்ணுகிறார்கள். மாடல் டி கார் வந்த 1908-லிருந்து கணக்கு. கதை நடப்பது ஃபோர்டு ஆண்டு 632. குழந்தைகள் அசெம்ப்ளி லைனில், பாட்டில்களில் வளர்கிறார்கள். அங்கே 'அம்மா' என்பது கெட்ட வார்த்தை. சபையில் சொன்னால் முகம் சிவந்துபோவார்கள்.

அந்த உலகத்துக்கு வெளியே, ஓர் அம்மாவுக்குப் பிறந்து வளர்ந்தவன் ஜான். அவன் அம்மா லிண்டா மருத்துவமனையில் சாகக் கிடக்கிறாள். கட்டிலின் காலடியில் டிவி ஓடுகிறது. வார்டுக்குள் ஒரே முகமுள்ள குழந்தைகள் கூட்டமாக வருகிறார்கள். சாவைப் பார்த்து வருத்தப்படாமல் இருக்கப் பயிற்சியாம், கையில் சாக்லேட் பலகாரம். அம்மா இறந்ததும் ஜான் தரையில் விழுந்து அழுகிறான். நர்ஸுக்கு வரும் கவலை என்ன தெரியுமா? இவன் அழுவதைப் பார்த்து அந்தக் குழந்தைகளின் பயிற்சி கெட்டுவிடக் கூடாதே என்பதுதான். அவள் கொடுமைக்காரி இல்லை. அந்த இடத்தில் ஓர் அழுகை உற்பத்திக்கு ஏற்படும் சேதம். அவள் அதைத் தடுக்கப் பார்க்கிறாள்.

1949: பயனில்லாத அணைப்பு

ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' என்றாலே பெரியண்ணனும் கண்காணிக்கும் திரையும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். 'நாம்' நாவலைப் படித்து 1946 ஜனவரியில் அதற்கு மதிப்புரை எழுதியவர் ஆர்வெல். மூன்று வருடம் கழித்து வந்த அவருடைய நாவலில் எனக்கு முக்கியமாகப் பட்டது திரை அல்ல, ஒரு சாக்லேட் துண்டு.

பஞ்ச காலம். ரேஷனில் கிடைத்த சாக்லேட்டில் பெரிய பங்கை அம்மா வின்ஸ்டனுக்கே கொடுக்கிறாள். அது போதாமல், நோஞ்சான் தங்கையின் கையில் இருந்த கடைசித் துண்டையும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். அம்மா அந்தக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். அணைத்ததால் சாக்லேட் திரும்பி வரப்போவதில்லை. குழந்தையின் பசியும் ஆறாது. பல வருடம் கழித்து வின்ஸ்டனுக்குப் புரிகிறது. ஒரு செயலால் பயன் இல்லை என்பதற்காக அதற்கு அர்த்தம் இல்லை என்று அம்மா நினைக்கவில்லை. கட்சி தங்களிடமிருந்து பறித்தது இந்த அறிவைத்தான்.

டெய்லருக்கு ஃபார்ஸ்டரும் ஸமியாதினும் ஹக்ஸ்லியும் ஆர்வெல்லும் சேர்ந்து கொடுத்த பதிலாக இதைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். பால்ரஸ் குண்டுக்கு நடுவே பக்கத்துப் பெண்ணிடம் "உன் பிள்ளைக்கு ஜுரம் விட்டதா?" என்று கேட்பதால் ஒரு குண்டுகூட கூடுதலாகத் தேறாது. அதனால் கணக்கில் அது பூஜ்யம். ஆனால் அதைக் கேட்காமல் எட்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும் இடம் எப்படிப்பட்ட இடம்?

எல்லாம் கதைதானே, யாரும் பூமிக்கு அடியில் போய்விடவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். இயந்திரத்தால் உறவுகள் பிழைத்ததும் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அப்பாவின் முகத்தை தினமும் போனில் பார்க்கும் பிள்ளைகள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். வஷ்டியின் தட்டைத் திட்டிவிட்டு அதைப் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனசில்லை. போன் மேல் எனக்குப் புகார் இல்லை. அதன் மூலையில் ஓடும் விநாடிகள் மேல்தான். அதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டாம் ஆண்டு லீவில் ஏழு வாரம் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தேன். டிஷ் டிவி புகார்கள். ஒரு அழைப்புக்கு 180 விநாடி. திரையின் மூலையில் எண் ஓடிக்கொண்டே இருக்கும், 180 தாண்டினால் சிவப்பு. ஒரு நாள் சாயங்காலம் கொங்குப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி கூப்பிட்டார். பணம் கட்டியும் படம் வரவில்லை. சிக்னலைத் திரும்ப அனுப்பினேன், படம் வந்துவிட்டது. அப்போது 130 விநாடி.

"நல்லா இருப்பே கண்ணு. ராத்திரிக்கு இது ஒண்ணுதான் வீட்ல சத்தம். நீ எந்த ஊரு கண்ணு? சாப்டியா?" என்றார்.

எண் 150-ஐத் தாண்டியது. "வேறு ஏதாவது உதவி தேவைப்படுகிறதா மேடம்?" என்றேன். அது எங்களுக்கு எழுதிக்கொடுத்த வாக்கியம். அதைச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இல்ல கண்ணு, வெச்சிரு" என்றார். 174 விநாடி.

அந்த வாரம் புதியவர்களில் என் சராசரிதான் மிகக் குறைவு. டீம் லீடர் என் பெயரை போர்டில் எழுதினார். எனக்கு ரொம்ப சந்தோஷம், வீட்டுக்குப் போய் அம்மாவிடம்கூடச் சொன்னேன். ஃபிட்ச்பர்க் பெண்களைப் பிரிக்க யாரோ நாற்காலியைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. என் விஷயத்தில் அதுகூடத் தேவைப்படவில்லை. பேசாதே என்று என்னை யாரும் தடுக்கவில்லை. மூலையில் ஒரு எண் ஓடியது, அவ்வளவுதான்.

அந்த டீம் லீடரைக் குறை சொல்லி என்ன பயன்? அவரும் நம்மைப் போல பி.காம் படித்தவர்தான். இன்னும் ஐந்து வருடத்தில் நம் வகுப்பில் பாதிப் பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். 180-ஆ, 150-ஆ என்று எண்ணைத் தீர்மானிக்கும் இடம் நமக்கு வரும். "எந்த ஊரு கண்ணு?" என்பதை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று அப்போது நம்மிடம்தான் கேட்பார்கள். பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. இந்த நான்கு கதைகளையும் அதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.